ஆன் ஆகிறது, உள்ளே போகவில்லை

“சிஸ்டம் ஆன் ஆகுது சார். ஆனா உள்ள போக மாட்டேங்குது.”

லினக்ஸ் பழுது கேட்டு எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அடுத்த வாக்கியமும் எனக்கு மனப்பாடம். “கடையில காட்டினேன். ஃபார்மட் அடிச்சு வேற ஓஎஸ் போட்டுத் தர்றேங்கிறாங்க.”

ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும், சந்தேகமே இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் மூட்டைப்பூச்சியும்தான் போய்விடும். கூடவே பிள்ளையின் பிறந்தநாள் படங்களும், பாதி எழுதிய ஆய்வேடும், எங்கும் குறித்து வைக்காத கடவுச்சொற்களும் போகும். லினக்ஸ் கணினி எழாமல் போகும் நேரங்களில் மிகப் பெரும்பாலும் உங்கள் கோப்புகள் ஒரு கீறல்கூட இல்லாமல் வட்டில் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கதவுதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கதவு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. கணினிக் கம்பெனியின் முத்திரை தெரிவது அந்த நேரத்தில்தான். அது வேலையைக் கிரப் என்னும் துவக்கியிடம் கொடுக்கிறது. கிரப், கர்னலை எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையையும் ஏற்றுகிறது. உங்கள் வட்டைத் திறக்கத் தேவையான கருவிகள் அந்த மூட்டைக்குள் இருக்கின்றன. வட்டு திறந்ததும் சிஸ்டம்டி பொறுப்பேற்று ஒவ்வொரு சேவையாக எழுப்புகிறது. அவற்றில் ஒன்றுதான் உள்நுழைவுத் திரையைக் காட்டும் நிரல். உபுண்டுவில் அதன் பெயர் ஜிடிஎம், லினக்ஸ் மின்ட்டில் லைட்டிஎம், கேடிஇ பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் எஸ்டிடிஎம். கடவுச்சொல் சரியென்றால் அது உங்கள் அமர்வைத் தொடங்கிவிட்டுப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆகவே முதல் கேள்வி, எங்கே நின்றது? கம்பெனி முத்திரையிலேயே நின்றால் லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. கறுப்புத் திரையில் “கிரப் ரெஸ்க்யூ” என்றால் துவக்கியின் கோளாறு. “இனிட்ராம்எஃப்எஸ்” என்ற சொல்லோடு நின்றால் வட்டைத் திறக்க முடியவில்லை. “எமர்ஜென்சி மோட்” என்றால் சிஸ்டம்டி எதற்கோ காத்திருந்து அலுத்துவிட்டது. கடவுச்சொல் கேட்கும் திரை வரை வந்துவிட்டால், மகிழ்ச்சியடையுங்கள், கணினியின் பெரும்பகுதி நலமாக இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். “ஏதோ எர்ரர் வந்துச்சு” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று. இந்த நூலில் கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். இடைவெளி, புள்ளி, சாய்கோடு, கழித்தல் குறி எல்லாம் அச்சில் உள்ளபடியே. குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தைப் பிரித்துச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பயனர் பெயர் கயல். அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் தவறு என்கிறது

முதலில் கேப்ஸ் லாக். சிரிக்காதீர்கள், நானும் இதற்குப் பலியானவன். சில மடிக்கணினிகளில் நம் லாக் தொல்லையும் உண்டு. எண்கள் கலந்த கடவுச்சொல் என்றால், எண்விசைகள் எண்ணைத் தருகின்றனவா என்று பயனர் பெயர் தட்டும் பெட்டியில் சோதித்துப் பார்க்கலாம். ஜிடிஎம்மின் புதிய பதிப்புகளில் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் அடையாளம் இருக்கும். அதைச் சொடுக்கினால் தட்டியது தெரியும்.

தமிழில் தட்டுபவர்களுக்கென்றே ஒரு தனிப் பொறி இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்திருப்பீர்கள். நேற்றிரவு தமிழில் எழுதிக்கொண்டிருந்துவிட்டுக் கணினியை மூடினீர்கள். இன்று உள்நுழைவுத் திரை தமிழ் விசையமைப்போடு எழுந்திருக்கலாம். நீங்கள் எச் விசையை அழுத்துகிறீர்கள், உள்ளே போவது ‘க’. பெட்டியில் தெரிவதோ வெறும் புள்ளிகள். பத்து முறை தட்டினாலும் பத்து முறையும் தவறு என்றுதான் வரும். கணினியை வைரஸ் பிடித்துவிட்டது என்ற முடிவுக்கு வருவீர்கள். திரையின் மேல் ஓரத்தில் மொழி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். க்னோமில் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. விசைப்பலகை அமைப்பாகவே தமிழைச் சேர்த்தவர்கள், பட்டியலில் ஆங்கிலத்தை முதலாவதாக வைத்துவிடுங்கள்.

வேறு சில லினக்ஸ் விநியோகங்களில் இன்னொரு சங்கதி. ஆர்ச் லினக்ஸில் மூன்று முறை தவறாகத் தட்டினால் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடமும் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தவறு என்றே சொல்லும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உண்மையிலேயே மறந்துவிட்டதா? அதற்கும் வழி உண்டு. கணினியைத் தொடங்கி, கிரப் பட்டியலை வரவழையுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி கிரப்பின் கட்டளைத் திரைக்குப் போய்விடும். பதற வேண்டாம், மறுபடி தொடங்கி நிதானமாகத் தட்டுங்கள். உபுண்டு குடும்பத்தில் “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” என்பதற்குள் “ரெக்கவரி மோட்” என்ற வரி இருக்கும். அதில் நுழைந்து “ரூட்” என்பதைத் தேர்ந்தால் கட்டளைத் திரை கிடைக்கும். வட்டு அப்போது படிக்க மட்டும் திறந்திருக்கும். எழுதவும் திறக்க வேண்டும்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

பிறகு:

பாஸ்டபிள்யூடி கயல்

பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்று ஆறு எழுத்து. புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, நட்சத்திரம்கூட வராது. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

உள்ளே போனபின் “கீரிங்” திறக்கவில்லை என்று ஒரு பெட்டி குறுக்கே வரும். சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் அந்தச் சாவிக்கொத்து இன்னும் பழைய கடவுச்சொல்லில்தான் பூட்டியிருக்கிறது. பழையது நினைவுக்கு வராவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இவ்வளவு எளிதாகக் கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால் திருடனும் மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். கணினி கையில் கிடைத்துவிட்டால் உள்நுழைவுக் கடவுச்சொல் பெரிய தடையே அல்ல. உண்மையான பாதுகாப்பு வட்டையே மறையாக்கம் செய்வதுதான், லினக்ஸில் அதற்கு லக்ஸ். ஆனால் லக்ஸின் கடவுத்தொடரை மறந்தால் நானும் உதவ முடியாது, கடைக்காரரும் உதவ முடியாது. தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

கடவுச்சொல்லை ஏற்கிறது, திருப்பியனுப்புகிறது

அழைப்புகளில் அதிகம் வருவது இந்தக் கோளாறுதான். கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். தவறு என்று சொல்வதில்லை. திரை ஒரு நொடி இருள்கிறது, பிறகு அதே உள்நுழைவுத் திரை மறுபடி வந்து நிற்கிறது. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்று, பின்வாசல் வழியாக வெளியே விட்ட மாதிரி.

உங்கள் கடவுச்சொல் சரி. அமர்வு தொடங்கியும் விட்டது. தொடங்கிய வேகத்தில் செத்துவிட்டது. ஏன் செத்தது என்பதை வரைகலைத் திரை சொல்லாது. ஆகவே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பு உரைத்திரை ஒன்று வரும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையுங்கள். பலர் இந்தத் திரையைக் கண்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்சுகிறார்கள். இதைவிட நம்பகமான இடம் லினக்ஸில் வேறு இல்லை. உபுண்டுவில் உள்நுழைவுத் திரைக்குத் திரும்ப அதே கூட்டில் எஃப்1, லைட்டிஎம் உள்ள கணினிகளில் வழக்கமாக எஃப்7.

நுழைந்ததும் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் முன்னால் இதுதான்:

டிஎஃப் -எச்

சாய்கோடு மட்டும் உள்ள வரியில், அல்லது ஹோம் தனிப் பகிர்வாக இருந்தால் அந்த வரியில், 100 விழுக்காடு என்று இருந்தால் குற்றவாளி பிடிபட்டான். அமர்வு தொடங்கும்போது சிறுசிறு கோப்புகளை எழுத வேண்டும், எழுத இடமில்லை, அதனால் சாகிறது. இடமே இல்லையென்றால் கணினி மட்டும் எப்படி உள்நுழைவுத் திரை வரை வந்தது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உருவாக்கப்படும்போதே வட்டில் 5 விழுக்காட்டை ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. 500 ஜிபி என்றால் ஏறத்தாழ 25 ஜிபி. சேவைகள் ரூட் உரிமையோடு அந்த ஒதுக்கீட்டில் எழுதிக்கொண்டு பிழைக்கின்றன. சாதாரணப் பயனரான நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

இடத்தை மீட்க முதலில் எந்தச் சேதமும் இல்லாத இரண்டு வழிகள் (சூடோ என்பது கட்டளையை ரூட் உரிமையோடு இயக்கும்):

சூடோ ஆப்ட் கிளீன்
சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்

முதலாவது, நிறுவி முடிந்த பொதிகளின் நகல்களை நீக்கும். இரண்டாவது, பதிவேடுகளை 200 எம்பிக்குள் சுருக்கும், அதில் 200-ஐ ஒட்டி வரும் எம் மட்டும் பெரிய எழுத்து. பெரும்பாலும் இதுவே உள்ளே போகப் போதும். பிறகு நிதானமாகப் பெரிய கோப்புகளைத் தேடலாம். குப்பைத்தொட்டிக்கு அனுப்பியதெல்லாம் இன்னும் வட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். என் கணினியில் ஒருமுறை இப்படி ஆனபோது இடத்தை அடைத்திருந்தது, பதிவிறக்க அடைவில் மூன்று முறை இறக்கி வைத்திருந்த ஒரே உபுண்டு படக்கோப்பு. பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் வேறு.

இடம் இருக்கிறது, ஆனாலும் திருப்பியனுப்புகிறது என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். புதிதாக ஒரு பயனரை உருவாக்குங்கள்:

சூடோ ஆட்யூசர் டெஸ்ட்

உள்நுழைவுத் திரைக்குத் திரும்பி அந்தப் பெயரில் நுழையுங்கள். புதியவர் உள்ளே போய்விட்டால் கோளாறு உங்கள் ஹோம் அடைவுக்குள் இருக்கிறது. அவரையும் திருப்பியனுப்பினால் கணினி முழுவதற்கும் பொதுவான கோளாறு. இந்த ஒரு சோதனை எனக்கு மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது, ஆனாலும் யாரும் இதைச் செய்து பார்த்துவிட்டு அழைப்பதில்லை.

ஹோம் அடைவுக்குள் என்றால், எக்ஸ்ஆர்க் என்னும் பழைய வரைகலை முறையின் அமர்வில் வழக்கமான குற்றவாளி ஒரு மறைகோப்பு. பெயர் புள்ளியில் தொடங்கும், பிறகு எக்ஸ்அதாரிட்டி. அதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. வரைகலை நிரல் ஒன்றை எப்போதோ சூடோ போட்டு இயக்கியிருப்பீர்கள், அது இந்தக் கோப்பை ரூட்டின் பெயருக்கு மாற்றிவிட்டது. உங்கள் வீட்டுப் பத்திரம் வேறொருவர் பெயரில் பதிவானது போல. எல்எஸ் -எல்ஏ என்று தட்டி, அந்தக் கோப்பின் வரியில் ரூட் ரூட் என்று இருந்தால், உரிமையை மீட்டுக்கொள்ளுங்கள்:

சூடோ சிஎச்ஓன் கயல்:கயல் .எக்ஸ்அதாரிட்டி

முதல் சொல்லுக்கு அடுத்தது சி, எச், ஓ, டபிள்யூ, என். வேறு கோப்புகளும் ரூட்டின் பெயரில் கிடந்தால் இதே கட்டளையில் -ஆர் சேர்த்து, அந்த ஆர் பெரிய எழுத்து, /ஹோம்/கயல் என்று முழு அடைவையும் மாற்றலாம். இங்கே மட்டும் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டு என்டர் அழுத்துங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், கணினியிலுள்ள எல்லாக் கோப்புகளும் கயலுக்குச் சொந்தமாகிவிடும். அதன் பிறகு கடைக்காரர் சொன்ன ஃபார்மட்தான்.

புதிய முறையான வேலாண்ட் அமர்வில் இந்தக் கோப்பின் பங்கு இப்படி இராது. உபுண்டுவில் 25.10 பதிப்பிலிருந்து க்னோமின் எக்ஸ்ஆர்க் அமர்வே கிடையாது. பழைய பதிப்புகளில் பயனர் பெயரைத் தேர்ந்ததும் கீழ் மூலையில் பல்சக்கர அடையாளம் வரும். அதில் அமர்வை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத மருந்து. நீங்கள் நீக்கிவிட்ட ஏதோ ஒரு மேசைத்தளம் அங்கே இன்னும் தேர்வில் நின்றுகொண்டிருப்பதும் உண்டு.

பொறியியல் மாணவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. ஜாவா நிறுவ ஏதோ காணொளியைப் பார்த்து, /இடிசி/என்விரான்மென்ட் என்ற கோப்பில் பாத் என்னும் வரியை மாற்றியிருப்பார்கள். கட்டளைகள் எந்தெந்த அடைவுகளில் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லும் வரி அது. புதிய வழியைச் சேர்க்கிறேன் என்று பழைய வழிகளை அழித்துவிட்டால், கணினி தன் கை கால்களையே தேடி அலையும். உரைத்திரையில் எல்எஸ் என்று தட்டினால்கூட “கமாண்ட் நாட் ஃபவுண்ட்” என்று வருகிறதா? அதுதான். முழு முகவரி கொடுத்து அழைத்தால் வரும்:

/யூஎஸ்ஆர்/பின்/சூடோ /யூஎஸ்ஆர்/பின்/நேனோ /இடிசி/என்விரான்மென்ட்

சேர்த்த பகுதியை நீக்கி, பழைய வரியை மீட்டுச் சேமியுங்கள். ஹோம் அடைவிலுள்ள புரொஃபைல் என்ற மறைகோப்பில் கைவைத்தவர்களுக்கும் இதே மருந்து.

புதிய பயனரும் நுழைய முடியவில்லை என்றால் தற்காலிக அடைவைப் பாருங்கள். எல்எஸ் -எல்டி /டிஎம்பி என்றால் வரும் உரிமை வரிசை டி என்ற எழுத்தில் முடிய வேண்டும், ஆங்கிலச் சொல் “டேபிள்” தொடங்குமே, அந்த டி. இல்லையென்றால் சூடோ சிஎச்மாட் 1777 /டிஎம்பி. அதுவும் சரியென்றால் பதிவேட்டைக் கேளுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி -பி எர்ர்

முதல் எழுத்து “பூட்” என்பதன் பி, இரண்டாவது “பிரயாரிட்டி” என்பதன் பி. இந்தத் துவக்கத்தில் நடந்த பிழைகளை மட்டும் காட்டும். முந்தைய துவக்கம் வேண்டுமென்றால் முதல் எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு -1 சேர்க்கலாம். சிவப்பு வரிகள் எல்லாமே ஆபத்து அல்ல. நலமான கணினியிலும் நாலைந்து இருக்கும். என்விடியா, ஜிடிஎம், உங்கள் பயனர் பெயர், இவை வரும் வரிகளைத் தேடுங்கள்.

திரை கறுப்பு

உள்நுழைவுத் திரையே வரவில்லை, கறுப்பாகவே இருக்கிறது. முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, திரைக்குத்தான் செய்தி போகவில்லை. கர்னல் அல்லது வரைகலை இயக்கி புதுப்பித்த மறுநாள் இப்படி ஆனால் சந்தேகப்பட வேறு எதுவும் இல்லை.

கிரப்பில் “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” போய், பட்டியலில் உள்ள பழைய கர்னலில் தொடங்குங்கள். புதிய கர்னல் வந்தாலும் முந்தையதை உபுண்டு வைத்திருப்பது இந்த நாளுக்காகத்தான். பழையதில் திரை வந்துவிட்டால் அதிலேயே வேலை பாருங்கள், அடுத்த புதுப்பிப்பு வரும்வரை காத்திருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அதுவும் உதவவில்லையென்றால் கிரப்பில் முதல் வரியின் மேல் நின்று இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். கர்னல் தன் வரைகலை இயக்கிகளை நம்பாமல் அடிப்படைத் திரையோடு தொடங்கும். படம் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் உள்ளே போய் இயக்கியை மீண்டும் நிறுவ வழி கிடைக்கும். இந்த மாற்றம் ஒரு முறைக்கு மட்டும், மறு துவக்கத்தில் மறைந்துவிடும். அதனால் தயங்காமல் செய்யலாம்.

என்விடியா வைத்திருப்பவர்கள் கவனிக்க: செக்யூர் பூட் என்னும் துவக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினியில் இயக்கியை நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறு துவக்கத்தில் நீலத்திரை ஒன்று பத்து நொடி மட்டும் காத்திருக்கும். அங்கே ஒரு விசையை அழுத்தி “என்ரோல் மோக்” தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத்திரை என்றாலே விண்டோஸ் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விட்டால் இயக்கி ஏறாது.

மின்சாரம் போன பிறகு

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமையின் கணக்குப் புத்தகம் பாதியில் நிற்கும். அடுத்த முறை எக்ஸ்ட்4 பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நிறுத்தி, “ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி” என்று எந்தப் பகிர்வு என்பதையும் சொல்லும். சொன்னதைச் செய்யுங்கள்:

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2

கடைசியில் உள்ள பெயரைத் திரையில் வந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லிச் சரிசெய்யும். முடிந்ததும் எக்ஸிட். ஒருமுறை வந்தால் மின்வெட்டின் குற்றம். மின்வெட்டே இல்லாமல் வாரத்துக்கொரு முறை வந்தால் வட்டு சாகக் கிடக்கிறது. அப்போது பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்.

புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருந்தால் பொதிகள் பாதி நிறுவிய நிலையில் கிடக்கும். உரைத்திரையில் சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அதன் பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -எஃப். இரண்டும் விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும்.

எமர்ஜென்சி மோட் வருவதற்கு முன் “ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்” என்ற வரி ஒன்றரை நிமிடம் ஓடியதா? எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்த ஏதோ ஒரு வட்டைத் தேடிக்கொண்டிருந்தது. வெளியே கழற்றி எடுத்துப்போன வட்டாகவோ, ஃபார்மட் செய்து அடையாள எண் மாறிப்போன பகிர்வாகவோ இருக்கும். /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து அந்த வரியின் முன்னால் # குறி போடுங்கள். கழற்றி மாட்டும் வட்டென்றால் விருப்பங்கள் பகுதியில் நோஃபெயில் என்று சேர்த்துவிட்டால், அது இல்லாத நாளிலும் கணினி எழும். ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி இந்தத் திரையிலேயே உள்ளே விடாத விநியோகங்களும் உண்டு. அங்கே லைவ் யூஎஸ்பி, அதாவது பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ், வழியாகத்தான் கோப்பைத் திருத்த வேண்டும்.

விண்டோஸோடு குடித்தனம்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய விநியோகம் அது. கிரப் பட்டியல் என்ற ஒன்றைப் பலர் முதலில் கண்டது அந்தக் கணினிகளில்தான். இடம் வேண்டுமென்று லினக்ஸ் பகிர்வை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்தால் என்ன ஆகும்? கிரப்பின் தலை வட்டின் தொடக்கத்தில் இருக்கும், உடம்பு அந்தப் பகிர்வில் இருந்தது. தலை மட்டும் விழித்து “கிரப் ரெஸ்க்யூ” என்று முழிக்கும். விண்டோஸும் எழாது. யூஇஎஃப்ஐ கணினிகளில் துவக்க வரிசையில் விண்டோஸை முன்னால் வைத்தாலே போதும். பழைய பயாஸ் என்றால் விண்டோஸ் நிறுவும் வட்டைக் கொண்டு அதன் துவக்கியை மீட்க வேண்டும்.

லினக்ஸ் பகிர்வு இருக்கிறது, ஆனால் கணினி நேராக விண்டோஸுக்குப் போகிறது என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது அதே துவக்க வரிசைதான். கடிகாரமும் பழைய தேதிக்குப் போயிருந்தால் தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். மாற்றிப் போட ஐந்து நிமிடம்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு, இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் “எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு” என்று வந்து லினக்ஸ் நின்றுபோனது. இன்றும் பழைய லினக்ஸ் பதிப்பு வைத்திருப்பவர்கள் அதைச் சந்திக்கலாம். செக்யூர் பூட்டை யூஇஎஃப்ஐயில் அணைத்து, லினக்ஸில் நுழைந்து, இதைக் கொடுங்கள்:

சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்

மீண்டும் ஒருமுறை லினக்ஸில் தொடங்கி, முழுதாகப் புதுப்பித்துவிட்டு, செக்யூர் பூட்டை இயக்கிக்கொள்ளலாம்.

இனி எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒன்று. எதுவும் நகரவில்லை, கணினி உறைந்தே போய்விட்டது என்றாலும் பவர் பொத்தானைப் பிடித்து அமுக்காதீர்கள். ஆல்ட் விசையோடு பிரின்ட் ஸ்கிரீன் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி (“பூட்” என்பதன் பி) என்று ஒவ்வொன்றாக, இரண்டு நொடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். எழுதாமல் நிற்பதை வட்டில் எழுதி, வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றி, மறுதுவக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேலை, கணினி நலமாக இருக்கும் இன்றே செய்யுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் நீங்கள் பயன்படுத்தும் விநியோகத்தின் லைவ் படக்கோப்பை எழுதி, அதிலிருந்து கணினி எழுகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். அதன்மேல் “அழிக்காதே” என்று ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுங்கள், இல்லையேல் அடுத்த வாரம் அதில் யாராவது சினிமாப் பாட்டு ஏற்றிவிடுவார்கள்.